அப்பா பெயர்: இல்லையா, தெரியாதா, கேட்கவே இல்லையா?

நம் ஊர்த் தமிழர்களுக்கும் 'லாஸ்ட் நேம்' கட்டத்துக்கும் ஜென்மப் பகை. விமான டிக்கெட் போட்டாலும் சரி, வெளிநாட்டு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தாலும் சரி, அந்தச் சிவப்பு நட்சத்திரம் வந்து வழிமறிக்கும். கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். நிரப்ப நம்மிடம் என்ன இருக்கிறது? குடும்பப் பெயர் கிடையாது. மலேசியப் பாஸ்போர்ட்டில் பெயருக்கென்று இருப்பது ஒரே இடம். அதில் நம் பெயர், நடுவில் ஒரு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். சிலர் அப்பா பெயரையே குடும்பப் பெயராகப் போட்டுவிடுவார்கள். சிலர் தங்கள் பெயரை இரண்டு தடவை அடிப்பார்கள். பொறுமை போனவர்கள் ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஏ/எல்-இல் இருக்கும் சாய்கோட்டைப் பார்த்தாலே 'தவறான எழுத்து' என்று கத்தும் ஃபார்ம்கள் தனி ரகம்.

இன்றைக்கு எழுத உட்கார்ந்தது ஒரு லின்ட் செக் பற்றி. கோட்டில் எந்த டைப் காலியாக வரலாம், எது வரக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோமா என்று பார்க்கும் சின்னச் சோதனை அது. அதைப் பற்றி எழுதப் போனால் கடைசியில் இந்தப் பெயர்க் கட்டத்துக்குத்தான் வந்து சேர வேண்டியிருக்கிறது. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: நான் இருப்பது கமுந்திங்கில். கேஎல் பக்கம் யாரிடமாவது ஊர்ப் பெயரைச் சொன்னால், "கேம்ப் இருக்கே, அதுவா?" என்பார்கள். அதேதான். ஐஎஸ்ஏ எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் கைதிகளை வைத்திருந்த முகாம். 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராஃபின் தலைவர்கள் ஐந்து பேரையும் இங்கேதான் கொண்டுவந்து அடைத்தார்கள். ஊர்க்காரர்களுக்குக் கமுந்திங் என்றால் பஸ் ஸ்டேஷன், கமுந்திங் ராயா ஃபேக்டரிகள், பக்கத்தில் தைப்பிங், மத்தியானம் தாண்டினால் மழை. அந்த மழைச் சத்தத்தில் வீட்டில் உட்கார்ந்து கோட் எழுதுவது என் பிழைப்பு. இப்போது கையில் இருப்பது ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கான ஆண்ட்ராய்டு செயலி. பழைய பாதி ஜாவா, புதுப் பாதி கோட்லின்.

நல் என்றால் என்ன?

புரோகிராம் எழுதாதவர்களும் படிக்கிறீர்கள், அதனால் சுருக்கமாக. கோட்டில் ஒரு பெயர் இருந்தால் அதற்குப் பின்னால் ஏதாவது ஒரு விவரம் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் அதற்கு 'நல்' என்று பெயர். ஒன்றுமில்லாததிடம் போய் "உன்னில் எத்தனை எழுத்து?" என்று கேட்டால் செயலி அங்கேயே விழும். ஆண்ட்ராய்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த க்ராஷ் வரி மனப்பாடம்: நல் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் மேல் மெத்தடை அழைக்கப் பார்த்தாய் என்று சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும்.

இதை நம் தலையில் கட்டியவர் டோனி ஹோர். 1965-ல் அல்கால் டபிள்யூ என்ற மொழியை வடிவமைத்தபோது, செய்வதற்குச் சுலபம் என்பதால் நல் ரெஃபரன்ஸையும் சேர்த்துவிட்டார். 2009-ல் லண்டனில் நடந்த மாநாட்டில் அதைத் தன் பில்லியன் டாலர் தவறு என்று அவரே சொன்னார். இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். அவர் பிறந்தது 1934-ல் கொழும்பில் என்பதையும், அவருடைய அம்மா ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள் என்பதையும் அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. தேயிலைத் துரையின் பேரன் போட்டுவிட்டுப் போன நல்களை, ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவரின் பேரன் இன்னும் பொறுக்கிக்கொண்டிருக்கிறான் என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

யாரும் சொல்லாத மூன்றாவது நிலை

நல் வரலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துவிடலாம். கோட்லின் மொழி அதைத்தான் செய்கிறது. 'ஸ்ட்ரிங்' என்று எழுதினால் கண்டிப்பாக நல் வராது. 'ஸ்ட்ரிங்?' என்று கேள்விக்குறி போட்டால் நல்லும் வரலாம். கேள்விக்குறி உள்ளதை நேராகத் தொட கம்பைலர் விடாது. முதலில் இருக்கிறதா என்று பார், பிறகு தொடு என்று நிறுத்திவிடும். 2014-ல் வந்த ஸ்விஃப்ட், 2016-ல் டைப்ஸ்கிரிப்ட் 2.0, 2019-ல் சி ஷார்ப் 8, 2021-ல் டார்ட் 2.12 என்று பல மொழிகள் வரிசையாக இதே வழிக்கு வந்துவிட்டன.

சிக்கல் பழைய ஜாவாவில் இருக்கிறது. அங்கே 'ஸ்ட்ரிங்' என்று எழுதியிருந்தால் அதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. கண்டிப்பாக இருக்கும் என்று நினைத்தும் எழுதியிருக்கலாம், காலியாக வரலாம் என்று நினைத்தும் எழுதியிருக்கலாம், எதையுமே நினைக்காமலும் எழுதியிருக்கலாம். எழுதியவர் வேலையை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருக்கும்.

அந்த ஜாவா ஃபீல்டைக் கோட்லினிலிருந்து தொட்டால் எடிட்டர் அதை 'ஸ்ட்ரிங்!' என்று ஆச்சரியக்குறியோடு காட்டும். பிளாட்ஃபார்ம் டைப் என்பார்கள். நம் கையால் அப்படி எழுத முடியாது. கம்பைலர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் குறி. எனக்குத் தெரியாது, உன் பாடு என்று அர்த்தம். அந்த இடத்தில் மட்டும் காவல் தளர்ந்துவிடும். கோட்லினுக்கு மாறிவிட்டோம், இனி நல் தொல்லை இல்லை என்று நிம்மதியாக இருக்கும் டீமில் க்ராஷ் வருவது பெரும்பாலும் இந்தச் சந்து வழியாகத்தான்.

தாத்தா காலத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியிடம் செக்ரோல் என்ற வருகைப் புத்தகம் இருந்தது. காலையில் பெரட்டுக்கு ஆள் வந்து நின்றால் ஒரு குறி, வராவிட்டால் வேறொரு குறி. இரண்டுமே இல்லாமல் ஒரு கட்டம் வெறுமையாகக் கிடந்தால் என்ன அர்த்தம்? ஆள் வரவில்லையா, வந்தும் கிராணி போட மறந்தாரா? அன்றைக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள். சம்பள நாளில்தான் சண்டை. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பதைத் தாத்தா ஏற்றுக்கொள்வார்; குறியே போடாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வார்? கோட்டிலும் நிலைகள் மூன்று: இருக்கிறது, இல்லாமல் போகலாம், யாரும் குறிக்கவில்லை. நல் என்று எல்லாரும் பயப்படுவது இரண்டாவதை. ஆளை வீழ்த்துவது மூன்றாவது.

லின்ட் எதைத் தேடுகிறது?

பெல் லேப்ஸில் ஸ்டீபன் ஜான்சன் 1978-ல் சி மொழிக்காக எழுதிய 'லின்ட்' என்ற புரோகிராமிலிருந்து வந்த பெயர் இது. கம்பைல் ஆகும், ஆனாலும் சந்தேகமாக இருக்கிறது என்று கோட்டைப் பார்த்துச் சொல்லும் சோதனைகளை எல்லாம் இப்போது லின்ட் என்றுதான் சொல்கிறோம்.

ஆண்ட்ராய்டு லின்ட்டில் 'அன்நோன் நல்னெஸ்' என்று ஒரு செக் இருக்கிறது. ஜாவா கோட்டில் வெளியிலிருந்து தொடக்கூடிய ஃபீல்டுகள், மெத்தட் கொடுக்கும் விடைகள், மெத்தட் வாங்கும் விவரங்கள் எல்லாவற்றையும் பார்க்கும். '@நான்நல்' (நல் வராது) என்றோ '@நல்லபிள்' (நல் வரலாம்) என்றோ குறிக்கும் ஓர் அனோட்டேஷன் இல்லையென்றால், கோட்லினிலிருந்து பயன்படுத்துபவர்களுக்கு உதவியாக இங்கே ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கும். சும்மா இருந்தால் இது ஓடாது; நாமே இயக்க வேண்டும். இயக்கிப் பார்த்தவுடன் ஏன் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிடும். பழைய ப்ராஜெக்ட்டில் வார்னிங் மழை கொட்டும். தைப்பிங் மழை தோற்றுப்போகும்.

ஆப்பிள் பக்கம் உள்ளவர்கள் க்ளாங் கம்பைலரில் இதன் அண்ணனைப் பார்த்திருப்பீர்கள். 2015-ல் எக்ஸ்கோட் 6.3 வந்தபோது அப்ஜெக்டிவ்-சியில் நல் அனோட்டேஷன்கள் வந்தன. கூடவே 'நல்லபிலிட்டி கம்ப்ளீட்னெஸ்' என்று ஒரு வார்னிங். அதன் நடத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு ஹெடர் ஃபைலில் ஒரு அனோட்டேஷன்கூட இல்லையா? வாயே திறக்காது. ஒரே ஓர் இடத்தில் போட்டுவிட்டீர்களா? உடனே அந்த ஃபைலில் குறி இல்லாத மற்ற பாயின்டர் ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு, இதற்கு ஏன் போடவில்லை என்று கேட்கும்.

முதலில் பார்க்கும்போது இது வம்புக்கு இழுப்பது போலத் தெரியும். யோசித்தால் நியாயம் புரியும். எதுவும் எழுதாத ஃபைலைப் படிப்பவர் எச்சரிக்கையாக இருப்பார், ஒவ்வொன்றையும் தானே சோதித்துக்கொள்வார். பத்தில் மூன்றுக்கு 'காலியாக வரலாம்' என்று எழுதிவிட்டால், மீதி ஏழும் காலியாக வராது என்று அவரே முடிவு செய்துவிடுவார். அந்த ஏழைப் பற்றி நாம் யோசிக்கவே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அரைகுறையாகக் குறித்த ஃபைல், குறிக்காத ஃபைலைவிட ஆபத்து.

க்ளாங்கில் இன்னொரு நாணயமும் உண்டு. இருக்கும், இல்லாமல் போகலாம் என்ற இரண்டோடு, 'நல் அன்ஸ்பெசிஃபைட்' என்று மூன்றாவது குறியும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இன்னும் தெரியவில்லை என்பதையும் எழுத்தில் எழுதி வைக்கலாம். அப்படி எழுதினால் வார்னிங் போய்விடும். பார்த்தோம், முடிவுக்கு வரவில்லை என்று கையெழுத்துப் போட்டதற்குச் சமம்.

நான்கு ஃபீல்டுகள்

சங்கத்தின் செயலியில் 'உறுப்பினர்' என்று ஒரு ஜாவா க்ளாஸ். அதன் மேல் லின்ட்டை ஓடவிட்டதும் பெயர், அப்பா பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், பிறந்த மாநிலம் என்று வரிசையாக வார்னிங். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

பெயர் சுலபம். பெயரில்லாமல் யாரையும் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. @நான்நல். ஒரு நிமிடத்தில் முடிந்தது. க்ளாஸில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று பிரித்து வைக்காமல் முழுப் பெயராக ஒரே ஃபீல்டு வைத்திருந்த பழைய புண்ணியவானுக்கு மனதில் ஒரு கும்பிடு போட்டேன்.

ஐசி எண்ணும் சுலபம் என்றுதான் தோன்றும். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி, வருடத்துக்கு இரண்டே இலக்கம். அடுத்த இரண்டு பிறந்த இடம். நம் பேராக்குக்கு 08. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். நீல நிற மைகார்டு வைத்திருக்கும் குடிமக்கள், சிவப்பு நிற மைபிஆர் வைத்திருக்கும் நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் எண் உண்டு. ஆனால் உறுப்பினர் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிக்கொடுக்கும் வாரிசையும் இதே க்ளாஸில்தான் வைத்திருந்தார்கள். அந்த வாரிசு இந்தியாவில் இருக்கும் அக்காவாக இருந்தால் ஐசி ஏது? பாஸ்போர்ட் எண்தான். ஆக @நல்லபிள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது: உறுப்பினரும் வாரிசும் ஒரே க்ளாஸாக இருக்கக் கூடாது. பிரித்துவிட்டால் உறுப்பினரின் ஐசி @நான்நல் ஆகிவிடும். அனோட்டேஷன் போடப் போய் டிசைனில் இருந்த ஓட்டை தெரிவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கும்.

பிறந்த மாநிலம் சுவாரசியமானது. ஐசி எண்ணிலேயே அது இருப்பதால் உறுப்பினருக்குக் காலியாக வர வழியில்லை. அதுவும் எப்படி? பிறந்த மாநிலம் எது என்றே தெரியாதவர்களுக்குத் தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன் 82 என்று தனிக் குறியீடு வைத்திருக்கிறது. வெறுமையாக விடவில்லை. தெரியாது என்பதற்கே ஓர் எண். பதிவேட்டைத் திறந்து பார்க்கும் யாருக்கும் சந்தேகம் வராது: மறந்து விட்டதல்ல, விசாரித்தும் தெரியவில்லை. அரசாங்க அலுவலகத்தைப் பற்றிப் பாராட்டி எழுத அடிக்கடி வாய்ப்புக் கிடைக்காது, அதனால் இதைப் பதிவு செய்கிறேன்.

நான்காவது, அப்பா பெயர். லின்ட்டுக்கு இதுவும் வெறும் ஸ்ட்ரிங்தான். எனக்கு முன்னால் இருந்தவர்கள் திரையில் காட்டும் இடத்தில் 'ஏ/எல்' போட்டு அப்பா பெயரை ஒட்டியிருந்தார்கள். எல்லாருக்கும் அப்பா பெயர் இருக்கும் என்ற நம்பிக்கையில். டேட்டாவைத் திறந்தால் காலியாகவும் இருந்தது, கோடுகளாகவும் இருந்தது. குறியை நானே போடாமல் சங்கத்தின் கவுண்டரில் உட்காரும் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அப்பா பேரு கட்டம் சில பேருக்குக் காலியா இருக்கே, எழுத மறந்துட்டாங்களா?"

"மறந்தவங்களும் இருக்காங்க லா, தம்பி. ஆனா எல்லாரும் அப்படி இல்ல. சில பேருக்கு சூராட் பெரானாக்லயே அப்பா பேரு இருக்காது. கோயில்ல தாலி கட்டுனாங்க, ரெஜிஸ்டர் பண்ணல. அவங்கள கூப்ட்டு ஏன் எழுதலன்னு கேக்க சொல்றியா?"

"இல்லக்கா. அப்ப கம்ப்யூட்டர்ல என்னா போடுவீங்க?"

"பழைய சிஸ்டம் காலியா விடாது. ஒரு கோடு போட்ருவேன். எனக்கு முன்னால இருந்தவரு 'தியாடா'ன்னு அடிச்சு வச்சிருப்பாரு."

மலாயில் சூராட் பெரானாக் என்றால் பிறப்புச் சான்றிதழ், தியாடா என்றால் இல்லை. அந்தப் பழைய சிஸ்டத்திலிருந்து போன கடிதங்களில் சிலருக்கு 'ஏ/எல் தியாடா' என்றே அச்சாகி வீட்டுக்குப் போயிருக்கிறது. கட்டாயம் நிரப்பு என்று கட்டத்துக்கு நட்சத்திரம் போட்டவர் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார். இல்லாததை எழுதியே ஆக வேண்டும் என்றால் மனிதர்கள் எதையாவது எழுதுவார்கள். அதற்குப் பிறகு எது பெயர், எது இட்டுக்கட்டியது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அக்கா சொன்னதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவு செய்தால்தான் சட்டப்படி திருமணம். தோட்டத்தில் எத்தனையோ ஜோடிகள் ஊரைக் கூட்டி விருந்து வைத்துக் கல்யாணம் செய்தார்கள், பதிவுக்குப் போகவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்றால் அம்மாவும், நான்தான் அப்பா என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால் ஒழிய அப்பா பெயரைப் பதிவதில்லை. அப்போது அப்பாவின் கட்டத்தில் 'மக்லுமாட் தீடாக் டிபெரோலேஹி' என்று வரும். தகவல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். வீட்டில் அப்பா இருப்பார், குழந்தையைத் தூக்கி வைத்திருப்பார். பதிவேட்டில் இருக்க மாட்டார். அப்படிப்பட்ட குழந்தையின் குடியுரிமையும் அம்மாவின் குடியுரிமையைப் பொறுத்துத்தான் அமையும். அம்மாவிடம் குடியுரிமை இல்லையென்றால் பல வருடம் ஜேபிஎன் வாசலில் கழியலாம். ஒரு கட்டம் காலியாக இருப்பது நம் ஆட்களில் சிலருக்கு அவ்வளவு பெரிய விஷயம்.

ஒரே நல், நாலு அர்த்தம்

ஆக அப்பா பெயருக்கு @நல்லபிள் என்று போட்டேன். லின்ட் அமைதியானது. ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. இந்த ஃபீல்டில் நல் வந்தால் அது நாலில் ஒன்றாக இருக்கலாம்: பதிவேட்டிலேயே இல்லை; பதிவேட்டில் இருக்கிறது, ஆனால் இங்கே தெரியாது; உறுப்பினர் சொல்ல விரும்பவில்லை; பழைய ஃபார்மில் இந்தக் கேள்வியே இல்லை. முதலாமவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது அவமானப்படுத்துவது. நான்காமவரிடம் கேட்காமல் விடுவது சோம்பல். இரண்டு பேருக்கும் ஒரே நல்லைக் கொடுத்துவிட்டால் செயலிக்கு வித்தியாசம் தெரியாது.

கோட்லினில் இதற்கு 'சீல்டு க்ளாஸ்' வசதியாக இருக்கிறது. அப்பா பெயர் என்ற டைப்புக்கு இத்தனை வடிவங்கள்தான் என்று வரையறுத்துவிட்டால், ஏதாவது ஒரு வடிவத்தை எங்காவது கவனிக்காமல் விட்டால் கம்பைலரே சுட்டிக்காட்டும். ஜேபிஎன்-னின் 82 செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. ஒரே வித்தியாசம், 82-ஐ யாராவது மாநில எண் என்று நினைத்துவிடலாம். இதில் அது முடியாது.

டேட்டாபேஸ் பக்கம் போனால் நல் இன்னும் குறும்பு செய்யும். எஸ்கியூஎல்-இல் நல்லை எதோடு ஒப்பிட்டாலும், இன்னொரு நல்லோடு ஒப்பிட்டாலும்கூட, விடை ஆம் என்றோ இல்லை என்றோ வராது. 'தெரியாது' என்று வரும். செயலியில் இருக்கும் அப்பா பெயரும் பழைய பதிவேட்டில் இருக்கும் அப்பா பெயரும் ஒத்துப்போகாதவர்களின் பட்டியல் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் காலியாக இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வரவே மாட்டார்கள். ஒத்துப்போகிறவர்கள் பட்டியலிலும் வர மாட்டார்கள். இரண்டு பட்டியலையும் கூட்டினால் மொத்தத்தில் ஆள் குறையும். எழுத்துப்பிழை இருப்பவர்கள் எல்லாம் சரிபார்க்கப்படுவார்கள். யாரை முதலில் சரிபார்க்க வேண்டுமோ அவர்கள் மட்டும் காணாமல் போவார்கள்.

நேர்மாறான கூத்தும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆய்வாளர் வேடிக்கைக்காகத் தன் காருக்கு 'நல்' என்று நம்பர் பிளேட் வாங்கினார். பிளேட் எண் நிரப்பப்படாத அபராதச் சீட்டுகள் எல்லாம் அவர் வீடு தேடி வந்தன. மொத்தம் 12,049 டாலர். 2019-ல் டெஃப்கான் மாநாட்டில் அவரே இந்தக் கதையைச் சொன்னார். அங்கே 'நல்', இங்கே 'தியாடா'. காலி என்பதை ஒரு சொல்லாக எழுதி வைக்கும் சிஸ்டம் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே குட்டையில் ஊறியதுதான்.

லின்ட்டை ஏமாற்றும் வழிகள்

இதை நம் டீம்களில் செய்யாதவர் இல்லை என்பதால் வெளிப்படையாகவே பேசலாம். ரிலீஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வார்னிங் வந்தால் கை தானாக @நான்நல்லை எல்லா இடத்திலும் ஒட்டும். வார்னிங் போய்விடும், பொய் தங்கிவிடும். அனோட்டேஷன் இல்லாத இடத்தில் அடுத்தவர் கொஞ்சமாவது யோசிப்பார். பொய் அனோட்டேஷன் இருக்கும் இடத்தில் அவர் யோசிக்கவே மாட்டார். கோட்லினும் அதை அப்படியே நம்பும்.

அடுத்தது, காலி ஸ்ட்ரிங். நல் வேண்டாம் என்று இரண்டு மேற்கோள் குறிக்கு நடுவில் ஒன்றுமில்லாமல் அனுப்புவது. க்ராஷ் வராது. 'ஏ/எல்' என்று எழுதி அதற்குப் பிறகு வெற்றிடமாக உறுப்பினர் அட்டை அச்சாகும். க்ராஷ் ஆனால் எங்களுக்கு ரிப்போர்ட் வரும். அட்டை அசிங்கமாக அச்சானால் கவுண்டர் அக்காவுக்குத்தான் ஏச்சு வரும். மூன்றாவது, கோட்லினின் இரட்டை ஆச்சரியக்குறி. இது நல் இல்லை, எனக்குத் தெரியும் என்று கம்பைலரிடம் சத்தியம் செய்வது. சில இடங்களில் அது உண்மையாகவே தேவை. ஒரே ஃபைலில் வரிக்கு வரி இருந்தால் அந்த ஃபைலை எழுதியவரோடு ஒரு தே தாரிக் குடித்துப் பேச வேண்டிய நேரம்.

லின்ட்டின் கண்ணுக்கே தெரியாத இடமும் ஒன்று இருக்கிறது: வெளியிலிருந்து டேட்டா வரும் வாசல். சர்வர் அனுப்பும் ஜேசனை ஜிசான் லைப்ரரியால் படித்தால், அது கோட்லின் க்ளாஸின் கன்ஸ்ட்ரக்டரைத் தாண்டிக் குதித்து ஆப்ஜெக்டை உருவாக்கிவிடக்கூடும். கேள்விக்குறி இல்லாத ஃபீல்டிலும் நல் உட்கார்ந்திருக்கும். கம்பைலர் எதுவும் சொல்லாது, லின்ட் எதுவும் சொல்லாது, மூன்று திரை தாண்டி எங்கோ வெடிக்கும். மோஷியின் கோட்லின் வசதியோ கோட்லின்எக்ஸ் சீரியலைசேஷனோ பயன்படுத்தினால், கட்டாயமான ஃபீல்டு வரவில்லை என்று வாசலிலேயே நிறுத்திவிடும். குறி போடுவது வீட்டுக்குள் இருக்கும் ஒப்பந்தம். வாசலில் ஒரு காவலும் வேண்டும்.

பழைய ப்ராஜெக்ட்டில் எங்கே ஆரம்பிப்பது?

இதை மெயிலில் கேட்டவர்களுக்காக நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். முதலில் லின்ட்டை இயக்கி, வரும் வார்னிங் எல்லாவற்றையும் ஒரு பேஸ்லைன் ஃபைலில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பழையவை மௌனமாக இருக்கும். புதிதாக எழுதும் கோட்டில் குறி இல்லையென்றால் மட்டும் கேட்கும். கடன் கூடாமல் நிற்கும். பேஸ்லைனைச் செக்-இன் செய்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அது கடன் நோட்டு, நன்றாகத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும்.

பிறகு பேக்கேஜ் பேக்கேஜாகப் போங்கள், ஃபீல்டு ஃபீல்டாகப் போகாதீர்கள். க்ளாங் ஏன் அரைகுறை ஃபைலைக் கண்டால் கத்துகிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதே காரணம். ஜாவாவுக்கு இப்போது ஜேஸ்பெசிஃபை இருக்கிறது. கூகுள், ஜெட்பிரெயின்ஸ், ஊபர் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய பொது அனோட்டேஷன்கள். 2024 ஜூலையில் 1.0 வந்தது. அதில் '@நல்மார்க்ட்' என்று பேக்கேஜுக்கு மேல் ஒரு தடவை போட்டால், குறிக்காததெல்லாம் நல் ஆகாது என்று ஆகிவிடும்; நல் ஆகக்கூடியதை மட்டும் குறித்தால் போதும். கோட்லின் 2.1-லிருந்து இந்தக் குறிகளை மீறினால் வார்னிங் இல்லை, நேராக எரர். ஸ்பிரிங் 7-உம் இதே குறிகளுக்கு மாறிவிட்டது. ஜாவாவிலேயே இருந்துவிடப் போகிறவர்கள் ஊபரின் நல்அவேயைச் சேர்த்துக்கொள்ளலாம். பில்டு வேகம் பெரிதாகக் குறையாது.

எந்தப் பேக்கேஜில் ஆரம்பிப்பது? மனிதர்களின் விவரம் இருக்கும் பேக்கேஜில். நெட்வொர்க், கேஷ், லாக் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அங்கே நல் வந்தால் செயலி விழும், எழுப்பிவிடலாம். பெயர், அப்பா, பிறந்த இடம், ஐசி இருக்கும் இடத்தில் தவறான குறி போட்டால் ஒரு மனிதர் கவுண்டரில் நின்று, தான் இருப்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. இந்தச் செக்கை 'க்ளீன்-அப் வேலை' என்று சொல்லி ஜூனியரின் தலையில் கட்டாதீர்கள். அப்பா பெயர் காலியாக வரலாமா என்ற கேள்விக்குப் பதில் கோட்டில் இல்லை. 1976-ஆம் வருடச் சட்டத்திலும் கவுண்டர் அக்காவிடமும் இருக்கிறது. புதிதாக வந்த பையனுக்கு அந்த அக்காவின் போன் நம்பர்கூடத் தெரியாது. அவன் என்ன செய்வான்? @நான்நல் போட்டுவிட்டு டிக்கெட்டை மூடுவான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். லின்ட் கேள்வி மட்டும்தான் கேட்கும். பதில் தெரிந்தவரைத் தேடிப் போவது நம் வேலை. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதற்கும் ஒரு குறி இருக்கிறது.